டோர் ரிலே ஓட்ட நினைக்கிறேன்: நிறுவிய பிறகு என்னவெல்லாம் வரும்?

பனித்துளி எழுதியது:

வணக்கம். யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் டோர் உலாவியைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்துகிறேன். யாரோ தங்கள் செலவில் ஓட்டும் ரிலே சர்வர்களில் சவாரி செய்துகொண்டே இருக்கிறோமே, நாமும் ஒன்று ஓட்டலாமே என்று தோன்றியது. லினக்ஸ் ஓரளவு தெரியும். வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் சின்னத் தளம் நடத்திய பழக்கமும் உண்டு.

எப்படி நிறுவுவது என்று கேட்கவில்லை, அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நிறுவிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கடைசியில் நின்று வெளித்தளங்களோடு பேசும் எக்ஸிட் ரிலேதான் பற்றாக்குறை என்கிறார்களே, நேராக அதையே தொடங்கலாமா? வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாமா? "போலீஸ் வருமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

கருவேலன் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். போலீஸ் வருமா என்பது நீங்கள் எந்த வேலையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டோரில் ஒரு இணைப்பு மூன்று ரிலே வழியாகப் போகும். முதலில் கார்டு. அதற்குப் பயனரின் ஐபி (இணைய முகவரி) தெரியும், அவர் எங்கே போகிறார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. கடைசி எக்ஸிட்டுக்கு ஆள் யாரென்று தெரியாது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று தெரியும். அந்தத் தளத்தின் பதிவில் விழுவதும் எக்ஸிட்டின் ஐபிதான். யாரோ டோர் வழியாகப் போய் ஒரு தளத்தைக் குடைந்தால் அந்தத் தளக்காரருக்குத் தெரிவது உங்கள் முகவரி மட்டுமே. கடிதமும் உங்களுக்குத்தான் வரும். கார்டும் நடு ரிலேயும் வெளித்தளங்களோடு பேசுவதே இல்லை, அதனால் அந்தத் தலைவலி அவற்றுக்கு மிகக் குறைவு.

இவை மூன்றும் பொதுப் பட்டியலில் இருப்பவை. பட்டியலில் வராதது பிரிட்ஜ். டோர் தடை செய்யப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் உள்ளே நுழைய அதுதான் வழி.

என் யோசனை: முதலில் ஒரு பிரிட்ஜ் அல்லது எக்ஸிட் அல்லாத ரிலே. அதை அலுக்காமல் ஒரு வருடம் ஓட்டுங்கள். டோர்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் எக்ஸிட்ரிலே 0 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். இப்போதைய பதிப்புகள் நீங்கள் சொல்லாமல் எக்ஸிட் ஆக மாறாது என்றாலும், எழுதி வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. மென்பொருளை நிறுவ அரைமணி நேரம் போதும். அதற்குப் பிறகு வரும் மெயில்களுக்குப் பதில் சொல்வதும், அப்டேட் போடுவதும், வாடகை கட்டிக்கொண்டே இருப்பதும்தான் வேலை. இதில் சலிப்பு வந்து சில மாதத்திலேயே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

நெருப்புக்கோழி எழுதியது:

இதே அறிவுரையைத்தான் புதிதாக வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறோம். விளைவு என்ன? மொத்தம் ஏழெட்டாயிரம் ரிலே இருந்தால் அதில் எக்ஸிட் சிறுபான்மை. அதிலும் பெரும்பங்கு சில அமைப்புகள் கையில். நடு ரிலே ஒன்று கூடினாலும் நெட்வொர்க்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எக்ஸிட் ஓட்டத் துணிவு இருப்பவரை நாமே ஏன் தடுக்க வேண்டும்?

கருவேலன் எழுதியது:

நெருப்புக்கோழி, துணிவைப் பற்றிப் பேசவில்லை. முன்னேற்பாடு பற்றித்தான் பேசுகிறேன். எக்ஸிட் ஓட்டுகிறவர் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை இவை.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். "கேட்டால் மறுத்துவிடுவார்கள், சத்தமில்லாமல் ஓட்டுவோம்" என்று நினைப்பவர்களின் சர்வர் முதல் அப்யூஸ் (முறைகேட்டுப் புகார்) மெயிலிலேயே நிறுத்தப்படும். சர்வரின் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரிலேயே (ஐபியைத் தேடினால் வரும் பெயர்) இது டோர் எக்ஸிட் என்று தெரியட்டும். வலைப்பக்கங்களுக்கான 80ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான வாசல் எண்) ஓர் அறிவிப்புப் பக்கம் வையுங்கள்: இது டோர் எக்ஸிட், இங்கே பயனர் தகவல் எதுவும் இல்லை, தொடர்புக்கு இந்த மெயில். டோர் மென்பொருளோடு அதற்கான மாதிரிப் பக்கமே வருகிறது. புகார் கொடுக்க ஐபியைத் தேடுகிற நிர்வாகிகளில் சிலர் இதைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள்.

அந்த ஐபியில் வேறு எதையும் வைக்காதீர்கள். உங்கள் வலைத்தளம், மெயில், நண்பர்களின் கோப்புகள் எதுவும் வேண்டாம். சர்வரைத் தூக்கிக்கொண்டு போனாலும் டோர் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது.

எல்லா போர்ட்டையும் திறக்க வேண்டும் என்றும் இல்லை. ரெட்யூஸ்டு எக்ஸிட் பாலிசி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வலை, மெயில் படிப்பது, அரட்டை போன்றவற்றை விட்டுவிட்டு டொரன்ட் (கோப்புப் பகிர்வு) பெரும்பாலும் ஓடும் போர்ட்களை மூடிவிடும். காப்புரிமைப் புகார்கள் வெகுவாகக் குறையும். மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட் இயல்பாகவே மூடியிருக்கும், அதைத் திறக்கவே திறக்காதீர்கள்.

டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது தளப் பெயரை ஐபியாக மாற்றும் தேடலுக்கு, அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வர் மென்பொருளை சர்வரிலேயே ஓட்டுங்கள். பழக்க தோஷத்தில் கூகுளின் 8.8.8.8ஐப் போட்டுவிடுகிறார்கள். உலகத்து எக்ஸிட்களின் தேடல்கள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் வழியே போவது நாம் செய்கிற வேலைக்கே எதிரானது.

இத்தனையும் செய்துவிட்டு வருகிறவரை நான் தடுக்கவே மாட்டேன்.

நெருப்புக்கோழி எழுதியது:

சரி, அதை ஏற்கிறேன். ஆனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். தனியாள் ஓட்டுவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அமைப்பாகப் பதிவு செய்து ஓட்டுவது நல்லது என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். புகார் வரும்போது கதவைத் தட்டுவது ஒரு தனிமனிதரின் வீட்டை அல்ல, ஓர் அலுவலக முகவரியை.

சட்டப்பூனை எழுதியது:

வழக்கறிஞர் அல்ல, சட்டம் படித்து வேறு வேலைக்குப் போனவள். போலீஸ் கேள்விக்கு நடந்தவற்றையே சொல்கிறேன்.

ரஷ்யாவில் 2017இல் ஒரு கணித ஆசிரியரைக் கைது செய்தார்கள். கலவரத்தைத் தூண்டும் பதிவுகள் அவர் வீட்டில் ஓட்டிய எக்ஸிட்டின் ஐபியிலிருந்து போயிருந்தன. சில மாதம் சிறை, பிறகு வீட்டுக்காவல். 2018இல் வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் அதுவரை போன நாட்களை யார் திருப்பித் தருவது?

ஜெர்மனியில் 2018இல் ஸ்வீபல்ஃப்ராய்ண்டே என்ற சங்கத்தின் நிர்வாகிகள் வீடுகளில் சோதனை நடந்தது. டோர் ரிலேக்களுக்குத் துணை நிற்கும் சங்கம் அது. வேடிக்கை என்னவென்றால் சோதனைக்கும் ரிலேக்களுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ரைஸ்அப் என்ற மெயில் சேவைக்காக அவர்கள் நன்கொடை வாங்கிக் கொடுத்தார்கள், போலீஸ் தேடிய ஒரு வலைப்பதிவு அந்த மெயில் சேவையைப் பயன்படுத்தியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சோதனை சட்டவிரோதம் என்று நீதிமன்றம் பிறகு சொன்னது.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் லெபனான் நகரில் கில்டன் நூலகம் 2015இல் ஒரு ரிலே தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து போன ஒரு மெயில் உள்ளூர் போலீஸுக்கு வந்து சேர, நூலகம் அதை நிறுத்தி வைத்தது. பிறகு ஊர் மக்கள் கூடிப் பேசி, நூலக வாரியம் மறுபடியும் ஓட்டலாம் என்று முடிவு செய்தது. அது எக்ஸிட்கூட இல்லை, நடு ரிலேதான்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: எக்ஸிட்டை வீட்டில் ஓட்டாதீர்கள். இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனும் ரிலே ஓட்டுகிறவர்களுக்கு இதையேதான் சொல்கிறது. வீட்டில் ஓட்டினால் தூக்கிக்கொண்டு போவது அந்தப் பெட்டியை மட்டும் அல்ல, குடும்பத்தினரின் போன், மடிக்கணினி எல்லாமே. அப்புறம், மற்றவர்களின் டிராஃபிக்கைக் கடத்திவிடுகிறவருக்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது, பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறதா என்பதை ஓர் உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இன்னொரு நாட்டில் சர்வர் எடுத்தால் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

எக்ஸோனரேட்டர் என்று டோர் திட்டத்தாரின் ஒரு சேவை இருக்கிறது. ஓர் ஐபியும் தேதியும் கொடுத்தால் அன்று அது டோர் ரிலேயாக இருந்ததா என்று காட்டும். விசாரணை அதிகாரியிடம் காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

பனித்துளி எழுதியது:

வீட்டில் எக்ஸிட் கிடையாது, புரிந்தது. வீட்டில் நடு ரிலே? இணைப்பு இரவெல்லாம் சும்மாதானே கிடக்கிறது.

மண்வெட்டி எழுதியது:

செய்யாதீர்கள். சட்டச் சிக்கல் வருவது அரிது, வேறு தொல்லை வரும். ரிலேக்களின் ஐபி பட்டியல் பொதுவில் இருப்பது. பல தளங்கள் எக்ஸிட் எது, நடு ரிலே எது என்று பிரித்துப் பார்க்காமல் பட்டியலை மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. திடீரென்று வங்கித் தளம் திறக்காது, படம் பார்க்கும் தளம் திறக்காது, எங்கே போனாலும் "நீங்கள் ரோபோவா?" என்று கேட்கும். வீட்டில் மற்றவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். ரிலேயை நிறுத்திய பிறகும் அந்த ஐபியின் கெட்ட பெயர் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பல வீட்டு இணைப்புகளில் சொந்தமாக, வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய பொது ஐபிவி4 முகவரியும் இருப்பதில்லை. ரிலேவுக்கு அது கட்டாயம். ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும், சாதாரண ரவுட்டர் மூச்சு வாங்கும்.

வீட்டில்தான் ஓட்டுவேன் என்றால் ஸ்னோஃப்ளேக். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்) உண்டு. உலாவி திறந்திருக்கும்போது தடைக்குள் இருப்பவர் உங்கள் வழியாக டோருக்குள் நுழைவார். வெளித்தளத்தில் உங்கள் ஐபி விழாது. ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுக்க ஆரம்பித்தபோதும், 2022இல் ஈரான் போராட்டங்களின்போதும் எத்தனையோ பேரை உள்ளே கொண்டுவந்தது இதுதான். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று அதுவே காட்டும். அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

திசைகாட்டி எழுதியது:

பணக்கணக்கு பற்றி யாரும் பேசவில்லையே.

ரிலேவுக்குக் குறைந்தது நொடிக்கு 10 மெகாபிட் வேகம் இருபுறமும் வேண்டும் என்கிறார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். அதே வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் மாதத்துக்கு ஒரு திசையில் மட்டும் 3 டெராபைட்டுக்கு மேல் போகும். ரிலே உள்ளே வாங்கிய ஒவ்வொரு பைட்டையும் வெளியே அனுப்பியாக வேண்டும், ஆக இரண்டு மடங்கு. சில ஹோஸ்டிங்கில் வெளியே போவது மட்டும் கணக்கு, சிலவற்றில் இரண்டும் கணக்கு. "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் நியாயமான பயன்பாடு என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

எல்லையைக் கட்ட அக்கவுன்டிங்மேக்ஸ் என்ற அமைப்பு உண்டு. அதில் ஒரு நுணுக்கம்: 500 ஜிபி என்று போட்டால் வருவது 500, போவது 500 என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்து எண்ணும் ஹோஸ்டிங்கில் ஒரு டெராபைட் போய்விடும். எல்லை தொட்டதும் ரிலே தூங்கப் போய்விடும், அடுத்த சுற்றில் எழும்.

நினைவகம்: நொடிக்கு 40 மெகாபிட்டுக்குக் கீழே என்றால் 512 எம்பி, மேலே என்றால் 1 ஜிபி. எக்ஸிட்டுக்கு 1.5 ஜிபி. டோர் பெரும்பாலும் செயலியின் ஒரே கோரில் ஓடுவது. எட்டு கோர் சர்வருக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரே ரிலே ஓட்டினால் ஏழு கோர் சும்மா இருக்கும்.

யாரும் பணம் தர மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு தொகை கொடுக்க முடியும், மெயில் பார்க்கப் பொறுமை இல்லை என்றால், ரிலே நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு சின்ன ரிலேயை அரைகுறையாக ஓட்டுவதைவிட அது பயன்.

நெருப்புக்கோழி எழுதியது:

கடைசிப் பத்தி மட்டும் இடிக்கிறது. எல்லோரும் பணத்தைப் பெரிய அமைப்புகளிடம் கொடுத்தால் நெட்வொர்க் நாலு கைகளுக்குள் போய்விடும். பல கைகளில் இருப்பதுதானே இதன் பாதுகாப்பே? ஹெட்ஸ்னர், ஓவிஹெச் என்று எல்லோரும் ஒரே இரண்டு மூன்று ஹோஸ்டிங் நிறுவனங்களில் குவிவதும் இதே சிக்கல்தான். ஜெர்மனி, அமெரிக்கா, நெதர்லாந்து சர்வர்களில் ஏற்கெனவே ரிலேக்கள் நெருக்கியடிக்கின்றன. பனித்துளி, விலை கொஞ்சம் கூடினாலும் ரிலே அதிகம் இல்லாத ஒரு நாட்டில், அதிகம் இல்லாத ஒரு நிறுவனத்தில் எடுங்கள்.

தூரிகை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நானும் புதுசு. நடு ரிலே ஒன்று தொடங்கினேன். ஒரு வாரம் ஏறியது, பிறகு டிராஃபிக் அப்படியே விழுந்துவிட்டது. சர்வரில் கோளாறா?

கருவேலன் எழுதியது:

கோளாறு இல்லை. புது ரிலேயை நெட்வொர்க் உடனே நம்பாது. முதல் மூன்று நாள் யாரும் அளக்கவில்லை, அதனால் துளித்துளியாக வரும். அப்புறம் அளவீட்டு சர்வர்கள் உங்கள் உண்மையான வேகத்தைப் பார்த்து எடையை, அதாவது நீங்கள் தேர்வாகும் வாய்ப்பை, கூட்டும். எட்டாம் நாள் வாக்கில் கார்டு கொடி (கார்டாக இருக்கலாம் என்ற குறி) கிடைக்கும். கொடி கிடைத்ததும் "இது கார்டு, சுமை அதிகம் இருக்கும்" என்று நினைத்து மற்றவர்கள் உங்களை நடுவில் வைப்பதைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் பயனர்கள் தங்கள் கார்டை மாதக்கணக்கில் மாற்றுவதில்லை என்பதால் உங்களைக் கார்டாக எடுத்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளிதான் நீங்கள் பார்ப்பது. இரண்டு மாதம் தாண்டும்போது நிலைக்கு வரும்.

இந்த நேரத்தில்தான் பலர் அமைப்புகளை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, ரிலேயின் அடையாளமான சாவியை அழித்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். விட்டுவிடுங்கள். டோர் திட்டத்தாரின் மெட்ரிக்ஸ் தளத்தின் ரிலே தேடலில் உங்கள் ரிலே தெரிகிறதா, ரிலேயைக் கண்காணிக்கும் நைக்ஸ் கருவியில் டிராஃபிக் ஓடுகிறதா, அது போதும்.

தூரிகை எழுதியது:

நன்றி அண்ணா. சாவியை அழிக்கத்தான் கை நீட்டினேன்.

அகழி எழுதியது:

நடு ரிலேவுக்குப் புகாரே வராது என்று நம்பி உட்கார வேண்டாம். 2024 அக்டோபர் கடைசியில் யாரோ ரிலேக்களின் ஐபியைப் போலி அனுப்புநராகப் போட்டு உலகம் முழுக்க, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் 22ஆம் போர்ட்டைத் தட்டினார்கள். வாங்கியவர்களின் தானியங்கி எச்சரிக்கை எல்லாம் ரிலே ஓட்டுகிறவர்களின் ஹோஸ்டிங்குக்குப் போனது. எக்ஸிட்டே இல்லாத ரிலேக்களையும் சில நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. நவம்பர் 7இல் மூலத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் என் ஹோஸ்டிங்குக்கு விளக்கம் எழுதியே கை ஓய்ந்தது. அந்த நிறுவனம் கடைசிவரை படித்ததாகத் தெரியவில்லை.

அதனால் தொடர்பு மெயிலை உண்மையாகக் கொடுங்கள், தினம் பாருங்கள். அதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது பொதுவில் தெரியும், ஸ்பேம் கொட்டும். புகாருக்கு 24 மணி நேரத்துக்குள் மரியாதையாக நாலு வரி பதில் போனால் பெரும்பாலும் அங்கேயே முடியும்.

சட்டப்பூனை எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். லாக் (நடந்தவற்றின் பதிவு) எதையும் கூடுதலாக வைக்காதீர்கள். டோர் இயல்பாகவே முகவரிகளை மறைத்துத்தான் எழுதும், அந்த சேஃப்லாகிங் அமைப்பைத் தொடாதீர்கள். எக்ஸிட்டில் ஓடுவதை "சும்மா பார்ப்போமே" என்று எட்டிப் பார்ப்பது பல நாடுகளில் ஒட்டுக்கேட்புக் குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அது துரோகம்.

திசைகாட்டி எழுதியது:

எட்டிப் பார்க்கவே ரிலே ஓட்டுகிறவர்களும் உண்டு. 2020இல் ஒரு கூட்டம் எக்ஸிட் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டு, கிரிப்டோ தளங்களுக்குப் போகிறவர்களின் ஹெச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கப் பாதுகாப்பைக் கழற்றியது. 2021இல் அம்பலமான கேஏஎக்ஸ்17 கூட்டம் ஒரு கட்டத்தில் 900க்கு மேற்பட்ட சர்வர் வைத்திருந்தது, பெரும்பாலும் எக்ஸிட் அல்லாதவை. இரண்டும் தொடர்பு மெயில் இல்லாமல் அல்லது போலியாக, ஒரே கை என்பதை மறைத்து ஓடியவை.

நீங்கள் ஒன்றுக்கு மேல் ஓட்டினால் மைஃபேமிலி என்ற அமைப்பில் எல்லா ரிலேயையும் எழுதுவது அதனால்தான். அப்போதுதான் ஒரே பாதையில் உங்கள் இரண்டு ரிலே சேராது. எழுதாதவர் நல்லவராகவே இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

பனித்துளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன்: வாடகை சர்வரில் ஒரு பிரிட்ஜ், வீட்டு உலாவியில் ஸ்னோஃப்ளேக். எக்ஸிட் பற்றி நெருப்புக்கோழியிடம் பிறகு தனியாகக் கேட்கிறேன். பிரிட்ஜுக்கு மட்டும் ஏதாவது தனியாகத் தெரிந்திருக்க வேண்டுமா? ரிலேவாக ஓடிய பழைய சர்வர் ஒன்றை நண்பர் தருகிறேன் என்கிறார்.

மண்வெட்டி எழுதியது:

அதை வாங்காதீர்கள். ஒருமுறை பொதுப் பட்டியலில் வந்த ஐபி தடை செய்கிறவர்களிடமும் இருக்கும், பிரிட்ஜாக உதவாது. புது ஐபி எடுங்கள். போர்ட்டாக 9001ஐ வைக்காதீர்கள், தேடுகிறவர்கள் முதலில் தட்டுவதே அதைத்தான். நொடிக்கு 1 மெகாபிட் இருந்தாலே போதும்.

/var/lib/tor கோப்புறைக்குள் இருக்கும் கீஸ் (சாவிகள்) அடைவைப் பாதுகாப்பாக நகல் எடுத்து வையுங்கள். சர்வர் போனாலும் அதே அடையாளத்தோடு வேறு இடத்தில் எழலாம். தானியங்கி அப்டேட்டும் போட்டுவிடுங்கள், காலாவதியான பதிப்புகளை நெட்வொர்க்கே வெளியேற்றிவிடும்.

பனித்துளி எழுதியது:

பிரிட்ஜ் ஓடத் தொடங்கிவிட்டது. சில நாளாகியும் ஒருவரும் வரவில்லை. லாகில் பூஜ்யம்தான்.

மண்வெட்டி எழுதியது:

அது உங்கள் கையில் இல்லை. பிரிட்ஜ்களைத் தளம், மெயில், டெலிகிராம், உலாவிக்குள்ளிருந்தே என்று பல வழிகளில் பிரித்துக் கொடுக்கிறார்கள். உங்களுடையது எந்த வழியில் விழுந்தது என்று ரிலே தேடலில் காட்டும், ஆனால் கைரேகையை (பிரிட்ஜின் அடையாள எண்) அப்படியே போட்டுத் தேடாதீர்கள், ஹாஷ் செய்யப்பட்ட, அதாவது மூலம் தெரியாதபடி மாற்றப்பட்ட கைரேகையைப் போடுங்கள். சிலவற்றை அவசரத்துக்கென்று கையிருப்பில் வைத்திருப்பார்கள், அவற்றுக்கு மாதக்கணக்கில் யாரும் வர மாட்டார்கள். எங்காவது புதிதாகத் தடை வந்தால் ஒரே நாளில் நிரம்பும். பொதுவில் வெளியிடும் எண்ணிக்கையும் எட்டின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது, 8 என்று வந்தால் ஒருவராகவும் இருக்கலாம்.

அப்புறம், சரியாக ஓடுகிறதா பாருங்கள் என்று பிரிட்ஜ் வரியை (அதன் முகவரி இருக்கும் வரி) இங்கே ஒட்டிவிடாதீர்கள். இந்த இழையை நாம் மட்டும் படிக்கவில்லை.